மலர்க்கொடி ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கர்

மலர்க்கொடிக்கு வூடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் பதினோரு வருஷமாக ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். கப்பலேறும் பெட்டிக்குள் எந்த மாதிரி ஆபத்து இருக்கிறது என்று சொல்லும் படத்தை நாலு பக்கமும் ஒட்டுவது, அவ்வளவுதான் வேலை. உலகம் பூரா ஒன்பதே வகை. வெடிக்கிறது, காஸ், பத்திக்கிற திரவம், பத்திக்கிற கட்டி, பக்கத்தில் இருப்பதைக் கொழுந்துவிட்டு எரிய வைக்கிறது, விஷம், கதிர்வீச்சு, அரிக்கிறது, கடைசியாக இதிலெல்லாம் அடங்காதது. ஆறாவது வரை படித்தவள் இதை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள்.

ஏசி ரூமில் இருக்கும் சூப்பர்வைசர் ஆன்றோ இதற்கென்றே டிகிரி வாங்கினவன். அந்தத் துரைக்குத் தெரிந்தது கடைசி வகை ஒன்றுதான். சந்தேகம் வந்தால் அதற்குரிய கறுப்பு வரி போட்ட ஸ்டிக்கரை ஒட்டச் சொல்வான். எதிலும் அடங்காத சரக்குக்காக வைத்த வகையை, எதுவும் தெரியாத தனக்காக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சித்திரை வெயிலில் ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் நீச்சல் குளத்துக்குப் போடும் வீரியமான பிளீச்சிங் பவுடர், எண்பது டிரம். அதை ஒட்டியே பெயிண்ட் தின்னர் டின்கள். சரக்கு அனுப்பினவன் பேப்பரில் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? ‘துப்புரவுப் பொருட்கள்.’

“கறுப்பு வரி ஒட்டுக்கா. சாயங்காலம் ஹார்பர் கேட் மூடிருவான்.”

“இன்னா சார் வெளையாடுறியா? அந்தப் பவுடரு மேல தின்னரு ஒழுகிச்சுனா தானே பத்திக்கும். ரெண்டையும் ஒரே பொட்டில வெக்கவே கூடாது. அதுக்கு மஞ்ச, இதுக்கு செவப்பு.”

“வீட்டு பாத்ரூம்ல பவுடர் போடுறீங்கல்ல? பத்திக்கிச்சா?”

“எங்க வூட்டு பாத்ரூம்ல எண்பது டிரம்மு இல்ல சார். பாத்ரூமே எட்டு வூட்டுக்கு ஒண்ணுதான் கீது.”

ஆன்றோ பல்லைக் கடித்தான். “ஒட்டலைன்னா நாளைக்கு வராதீங்க.”

சும்மா மிரட்டல் இல்லை. போன தீபாவளிக்கு இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பினான்.

அவள் டிரெய்லரைப் பார்த்தாள். டிரைவர் ஜெயவேல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் லாரி வரிசை ஒரு நாளும் நிற்கும், இரண்டு நாளும் நிற்கும். நிழல் என்று ஒன்று இருந்தால் அது பெட்டிக்கு அடியில்தான். டிரைவர்கள் அங்கேதான் சோறு பொங்குவார்கள், அங்கேதான் படுப்பார்கள். இங்கிலீஷ் படிக்க வராது, படம் தெரியும். கறுப்பு வரி என்றால் பயமில்லாமல் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். இது எந்தக் காலேஜிலும் சொல்லித்தராத பாடம். ஆன்றோ ஒரு நாளாவது அந்த ரோட்டில் காரை விட்டு இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

மலர்க்கொடி ஏணியைச் சாய்த்தாள். நாலு பக்கமும் மஞ்சளை ஒட்டினாள், பக்கத்திலேயே சிவப்பையும் ஒட்டினாள். காற்றுக் குமிழி இல்லாமல் துணியால் தேய்த்தும் விட்டாள்.

ஜெயவேல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “இன்னாமே இது, ரெண்டும் ஒரே பொட்டிலயா?”

“ஆமா நைனா.”

“இத்த ஏத்தச் சொன்ன கய்தே எவன்?”

அவள் ஏசி ரூம் பக்கம் மோவாயை ஆட்டினாள்.

ஆன்றோ ஓடி வந்து கிழிக்கப் பார்த்தான். சிவப்பின் ஓரத்தில் நகம் உடைந்ததுதான் மிச்சம். “பேப்பர்ல ஒண்ணும் இல்லண்ணே, நீங்க வண்டிய எடுங்க!”

“பேப்பரு நீ வெச்சுக்கோ. பொட்டி எந்தலைக்கு மேல கீது.” ஜெயவேல் பெட்டியோடு டிரெய்லரை யார்டிலேயே கழற்றிவிட்டு, முன்வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். யார்டு கேட்டில் நின்ற மற்ற டிரைவர்களும் படத்தைப் பார்த்தார்கள். ஆன்றோ கெஞ்சிய கெஞ்சலுக்கு ஒருத்தரும் சாவியைத் தொடவில்லை.

கப்பல் போய்விட்டது. ஆறு மணிக்கு மேனேஜர் தேவகிருபை மலர்க்கொடியைக் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பழக்கம் அந்த ஆபீசில் கிடையாது. “காலையில சீக்கிரம் வாம்மா. பெட்டியைப் பிரிக்கணும். எதை எங்க வைக்கணும்னு நீ நின்னு சொல்லு.”

“வர்றேன் சார். ஆன்றோ சாரையும் வரச் சொல்லு. சும்மா நிக்கிறதுக்கு இல்ல, எண்பது டிரம்மு தூக்கணும்.”