தவுக்கே கடைப் பித்தளைப் பம்பு

இன்று காலை தங்காக் கடைத்தெருவுக்குப் போனேன். மட்கிய எருவை ஊறவைத்து வடித்த தண்ணீரைக் கீரைப் பாத்தியில் தெளிக்க ஒரு பம்பு வேண்டியிருந்தது.

கடை முதலாளி தவுக்கே இரண்டு காட்டினார். ஒன்று சின்னது, புதியது. மற்றது பழைய பித்தளைப் பம்பு, தோளில் மாட்டுவது, பாதி விலை.

பழையதைத் தூக்கினேன். தோள்வாரில் நான் போட்ட தையல் இருந்தது.

"தவுக்கே, இது எங்க தோட்டத்துல கழிச்சு வித்த பம்பு. லாலான் புல்லுக்கு நான்தான் இதுல விஷம் அடிச்சேன்."

"நல்லா கழுவியாச்சு லா, அண்ணே."

"அப்போ இதுல தண்ணி ஊத்தி ஒரு மடக்கு குடிங்க, பார்ப்போம்."

"அலமாக்!" என்று சிரித்துக்கொண்டே புதியதை எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் நாளை வேறு யாராவது பழையதைக் கீரைக்கு வாங்கிப் போவார்களே! சிவப்புச் சாயம் கேட்டு வாங்கி, அதன்மேல் 'விஷம்' என்று எழுதினேன். மூன்று எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆனது.

"இனிமே யாரு வாங்குவா?" என்றார் தவுக்கே.

"லாலானுக்கு விஷம் அடிக்கிறவங்க வாங்கட்டும்."

இந்த வயதில் எழுதப் பழகிய பிறகு கடைத்தெருவில் நான் எழுதிய முதல் சொல் அது. வாசகசாலைப் பலகையில் இதைப் படிக்கும் நண்பர்களே, அந்தப் பக்கம் போனால் எழுத்து புரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 'ஷ' மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.