சாந்த்ராகாச்சியில் விட்ட கை

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தில் இது நடந்தது. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். கல்யாணம் அமையவில்லை. அம்மா போன பிறகு தனியாகத்தான் இருந்தேன். என் அக்கா மகளும் அவள் கணவரும் கொல்கத்தாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, நீங்க இங்கயே வந்துருங்க. எங்களுக்கும் ஆள் வேணும், உங்களுக்கும் ஆள் வேணும்" என்றாள். மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

கொல்கத்தாவில் பாலிகஞ்ச் என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் வீடு. எனக்கென்று ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். அதில் ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் எனக்கென்று யாரும் ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் செய்த காரியத்துக்கு அந்த அறையும் ஒரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். ஒரு வாரம் படகு, ஒரு வாரம் டிராம், ஒரு வாரம் மைதானத்தில் குதிரை. பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது. சின்னவனுக்கு ஒன்றரை. ஒரு மணி நேரம் வெளியே போக ஒரு வாரத்துக்கான மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பால் பாட்டில், மாற்றுத்துணி, தயிர்சாதம், அதைச் சாப்பிட மாட்டேன் என்றால் கொடுக்க பிஸ்கட். மாப்பிள்ளை பையைத் தூக்கிப் பார்த்து, "சின்னத்தை, வீட்டுல எதையாவது விட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். அந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்துப் பேசுகிறவர் அவர்தான்.

குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரிக்கு எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். அதைப் பார்க்கத்தான் அன்று கிளம்பினோம். ஹவுரா வரை டாக்சி, அங்கிருந்து லோக்கல் ரயில். மாப்பிள்ளை புதிதாக வாங்கிய மெரூன் கலர் மங்கி கேப்பைப் போட்டுக்கொண்டார். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, முகம் மட்டும் தெரியும் கம்பளிக் குல்லா. லேசாகக் குளிர் வந்தாலே அந்த ஊர் ஆண்கள் எல்லாரும் அதற்குள் புகுந்துகொள்வார்கள்.

"பாத்தா மதுரைக்காரர் மாதிரியா இருக்கீங்க? அடுத்து இந்த ஊர்க்காரங்க மாதிரி மீன் தலையை வாங்கிட்டு வந்து குழம்பு வைக்கச் சொல்லுவீங்க" என்றாள் அக்கா மகள்.

"என் காதுக்குள்ள காத்து போனா சின்னத்தைதான் கஷாயம் வைக்கணும். அவங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார்.

லோக்கல் ரயிலில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. அக்கா மகளும் நானும் சின்னவனை வைத்துக்கொண்டு அதில் ஏறுவோம். மாப்பிள்ளை பக்கத்துப் பொதுப்பெட்டியில் ஏறுவார். பெரியவள் மட்டும் அவள் இஷ்டம். போகும்போது எங்களோடு வருவாள், திரும்பும்போது அப்பாவோடு. சில நாள் மாற்றிச் செய்வாள். அதனால் ஏறிய பிறகு யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. இங்கே இல்லையென்றால் அங்கே இருக்கிறாள். அப்படியே பழகிவிட்டோம்.

ஏரிக்கரையில் பெரியவள் வாத்துகளை எண்ணினாள். பன்னிரண்டு வரைதான் அவளுக்குத் தமிழில் எண்ணத் தெரியும். பன்னிரண்டு முடிந்ததும் மறுபடி ஒன்று. "இது எல்லாம் எந்த ட்ரெயின்ல வந்துச்சு சித்தி?" என்று கேட்டாள். அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மாப்பிள்ளைக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தார். ரயில் வந்ததும் அக்கா மகள் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறினாள். என் ஒரு கையில் பை, ஒரு கையில் பெரியவள்.

அவள் கையை இழுத்தாள். "அப்பாகிட்ட ஜாபோ" என்றாள். ஜாபோ என்றால் வங்காளத்தில் போகிறேன் என்று அர்த்தம். அவள் தமிழ் அப்போது அப்படித்தான் இருக்கும்.

பத்தடி தள்ளி அடுத்த பெட்டியின் வாசலில் மெரூன் குல்லா தெரிந்தது. முதுகுதான் தெரிந்தது. பின்னாலிருந்து பெண்கள் "உடுன் தீதி, உடுன்" என்று, ஏறச் சொல்லி என்னை நெருக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் சத்தம் போட்டால் எனக்குக் கை கால் ஓடாது. "ஓடு" என்று சொல்லிக் கையை விட்டேன். அவள் ஓடினாள். நான் ஏறிவிட்டேன். அவள் ஏறியதை நான் பார்க்கவில்லை.

உள்ளே அக்கா மகளுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. "அவ அவர்கிட்டயா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அந்த நிமிஷம் அது பொய் இல்லை.

ஆனால் ரயில் அடுத்த நிலையத்தில் நிற்பதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தே அந்த பிளாட்பாரத்தில் நாலைந்து மெரூன் குல்லாக்கள் இருந்தன. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடு என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சின்னவன் அப்போதுதான் அவள் மடியில் தூங்கினான். எழுந்துவிடுவானே என்று பேசாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கமலாப்பழம் உரித்து எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள். அதை வாயில் போட்டு, விழுங்க முடியாமல் ஹவுரா வரை வைத்திருந்தேன்.

ஹவுராவில் மாப்பிள்ளை ரயிலின் பின்பக்கத்திலிருந்து நடந்து வந்தார். கையில் போன் மட்டும்தான் இருந்தது.

"பாப்பா எங்க?" என்றார்.

"உங்ககிட்டதானே வந்தா!" என்றாள் அக்கா மகள்.

"என்கிட்டயா? நான் கடைசிப் பெட்டியில ஏறினேன்."

அக்கா மகள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சித்தி, அவ ஏறினதைப் பாத்தீங்களா? உங்க கண்ணால பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பிள்ளை இல்லை. என் அறை. கோவில்பட்டியில் பூட்டிக் கிடக்கும் வீடு. இனி என்னை எந்தக் குழந்தையோடும் விட மாட்டார்கள் என்ற நினைப்பு.

"பாத்தேன். பக்கத்துப் பொதுப்பெட்டியில ஏறிட்டா. என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அவள் உடனே அவரைப் பார்த்துக் கத்தினாள். "பிள்ளை அப்பாவைத் தேடி அந்தப் பெட்டிக்கு ஓடியிருக்கு. நீங்க போனைக் காதுல வச்சுக்கிட்டு எங்கயோ ஏறியிருக்கீங்க! ஒரு தடவை திரும்பிப் பாக்க மாட்டீங்களா?" அவர் போனைப் பார்த்தார், அதைச் சட்டைப்பையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

நான் சொன்ன அந்த வார்த்தையை வைத்துத்தான் தேடினார்கள். ரயிலில் ஏறிவிட்டாள் என்றால் ரயிலில் இருக்க வேண்டும், அல்லது வழியில் இறங்கியிருக்க வேண்டும். காலியான ரயிலில் மாப்பிள்ளை ஒவ்வொரு பெட்டியாக ஓடினார். இருக்கைக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தார். ரயில்வே போலீசார் நடுவில் இருக்கும் நிலையங்களுக்கெல்லாம் போன் செய்தார்கள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். ஹவுராவின் கூட்டத்தில் அந்தப் பெயர் கேட்டதும் அக்கா மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சின்னவனை வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றேன். "சாந்த்ராகாச்சியில கேளுங்க" என்று சொன்னால் போதும். வாய் வரை வந்தது. முதலில் பார்த்தேன் என்றீர்களே என்று கேட்பார்களே. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றேன்.

கடைசியில் சாந்த்ராகாச்சியிலிருந்தே தகவல் வந்தது. பிள்ளை இருக்கிறாள் என்று.

போய்ப் பார்த்தபோது அங்கிருந்த போலீஸ் அறையில், ஒரு கடலை விற்கும் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதப் பொட்டலம். அம்மாவைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அந்தக் கடலைக்காரம்மா வங்காளத்தில் நிறையப் பேசினாள். கோபமாகத்தான் பேசினாள். பிறகு அக்கா மகள் எனக்குச் சொன்னாள். கூட்டத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஏறுகிறவர்கள் அந்த பிளாட்பாரத்தில் புதிதில்லையாம். எப்படியும் அடுத்த ரயிலில் ஓடி வந்துவிடுவார்களாம். அதனால் பிள்ளையை அதே இடத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். இரண்டு ரயில் வந்தும் யாரும் வராததால்தான் போலீசிடம் கூட்டிப் போனாளாம். "அதுக்கும் வராம அப்படி என்னதான் செய்தீங்க?" என்று கேட்டாளாம்.

பெரியவள் விம்மிக்கொண்டே, "சித்திதான் ஓடுன்னாங்க. நான் ஓடினேன். அது அப்பா இல்ல. வேற ஆள். ட்ரெயின் போயிடுச்சு" என்றாள்.

பயத்திலும் ஆத்திரத்திலும் இருந்த அக்கா மகள் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "பொய் சொல்லாத. ஏறினியாம், சித்தி பாத்திருக்காங்க. அப்பாவைக் காணும்னு நீயா இறங்கியிருப்ப. சித்தி பொய் சொல்வாங்களா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சின்னவனின் சாக்சைச் சரிசெய்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. பிள்ளைகளோடு வெளியே போவது குறைந்து, பிறகு நின்றேபோனது. மாப்பிள்ளை அந்தக் குல்லாவைப் போடவே இல்லை. துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன். பெரியவள் கொஞ்ச நாள் "அது அப்பா இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் அவள் அம்மா திருத்தினாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் மாப்பிள்ளை, பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குத் தான் மட்டும் கூட்டிப் போவதாகச் சொன்னார். "வேண்டாம். உங்களை நம்பி விட்டு ஒரு தடவை பட்டதே போதும்" என்றாள் அக்கா மகள். அவர் மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் தமாஷ் பேசியே எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது. "இத்தனை நாளா என் பக்கத்துலயேதானே இருந்தீங்க, சித்தி" என்றாள். நான் ஊருக்குப் போய்விடுகிறேன் என்றேன். "எங்க போவீங்க?" என்றாள். அதில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. இன்றைக்கு வரை நான் அங்கேதான் இருக்கிறேன்.

மாப்பிள்ளையிடமும் நானே சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணு மட்டும் செய்யுங்க சின்னத்தை. பாப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவளுக்கு ஏழு வயதாகியிருந்தது. தமிழும் நன்றாக வந்திருந்தது. மாப்பிள்ளை அடுத்த அறையில்தான் இருந்தார். "அன்னிக்கு நீ சொன்னதுதான் கண்ணு நிஜம். உன் கையை விட்டது நான்தான். அப்பா மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவள் கலர் பென்சிலைக் கீழே வைக்காமலே தலையை ஆட்டினாள்.

"இல்ல சித்தி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் ட்ரெயின்ல ஏறிட்டேன். அப்பா போன்ல பேசிட்டே இருந்தாரு. நான் கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. அதான் இறங்கிட்டேன்."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ரோட்டைத் தாண்டும்போது அப்பா கை நீட்டினால், அவரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். விட்டுவிட்டுப் போனவர்கள் அடுத்த ரயிலில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்பி அந்தக் கடலைக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பி வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது, அதற்குள் நான் விட்ட இடத்தில் அந்தப் பிள்ளை இல்லை.