முருகனுக்குப் பக்கத்தில் முதலாளி

சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியை, மனிதர் உயிரோடு இருக்கும்போதே எங்கள் தோட்டத்து ஜனங்கள் சாமியாக்கிவிட்டார்கள். கையோடு கையாகச் சாகடித்தும்விட்டார்கள். பழி மட்டும் என் தலையில் விழுந்தது. அது நியாயமான பழி என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் சுள்ளென்று விழுவேன், அதனால் என்னைத் தேடி வந்து பேசுகிறவர்களும் குறைவு. பொழுது போகவேண்டுமே. மாதம் ஒரு முறை முருகனைப் பற்றிச் சின்னதாக ஒரு பத்திரிகை போட ஆரம்பித்தேன். ஸ்டென்சில் வெட்டி, பள்ளிக்கூடத்து சைக்ளோஸ்டைல் மிஷினில் நானே சுற்றி எடுப்பேன். துதிப்பாட்டு, விரத நாட்கள், கடைசியில் ஒரு பக்திக் கதை. கதை முழுக்க என் சொந்தக் கற்பனை. எனக்கே எனக்கென்று இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதை எழுதும்போது நான் சந்தோஷமாக இருந்தேன்.

காகிதமும் மையும் முதலாளி தந்தார். முருகன் படம் போட்ட அட்டையையும் சிரம்பான் அச்சகத்தில் அவரே அடித்துக் கொடுத்தார். அவர் கையை விரித்தால் பத்திரிகை அன்றோடு சரி. இது எனக்கும் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் மாதம் கடைசிப் பக்கத்தின் அடியில் கடை பெயர் மட்டும் வந்தது. அப்புறம் அரைப் பக்கம் கேட்டார். அப்புறம் விரத நாட்களுக்கு நடுவில் புடவை வந்து உட்கார்ந்தது. பக்கத்தைக் கூட்டுங்கள் என்றால் காகித விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். ஆகவே, அவர் வளர வளர என் கதை இளைத்தது.

பத்திரிகையை எல்லாரும் வாங்குவார்கள், ஆனால் வாசிக்கிறவர் ஒருவர்தான். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் ஓர் அக்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்ததும் அவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கணீரென்ற குரல். எல்லாவற்றையும் ராகம் போட்டுத்தான் வாசிப்பார். ஒரு எழுத்தையும் விடமாட்டார். முருகன் பேப்பரில் வந்ததைத் தாண்டிப் போனால் தெய்வக் குற்றம் என்பது அவர் கட்சி. துதிப்பாட்டு முடிந்த மூச்சிலேயே, “கரை வேட்டி, பட்டு வேட்டி, கல்யாண ஜவுளிகள் சலுகை விலையில்” என்று அதே ராகத்தில் இழுப்பார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு “அரோகரா” என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அக்கா, அது விளம்பரம். அதை விட்டுடுங்க” என்று கெஞ்சியிருக்கிறேன்.

“எப்படி டீச்சர் விடறது? சாமி பக்கத்துலதானே போட்டிருக்கு. நீங்க அங்க போடாம இருக்கணும்லா” என்றார்.

ஒரு நாள் முதலாளி அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டீச்சரம்மா, முருகனுக்குப் பக்கத்துல எடம் சும்மாதானே கெடக்கு?”

“அங்கே மயில் நிக்குது முதலாளி.”

“அது ஒரு ஓரமா நிக்கட்டுமே.”

அடுத்த மாதம் மயில் ஓரமாகக்கூட இல்லை. முருகனுக்கு வலப்பக்கம், முருகன் அளவுக்கே, கோட்டு போட்ட முதலாளியின் படம். கீழே கடை விலாசம். பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அட்டைக்குக் காசு கொடுத்தவர் அவர். வாயை மூடிக்கொண்டு தைத்து அனுப்பினேன்.

எங்கள் தோட்டத்தில் சாமி படத்தைக் குப்பையில் போடமாட்டார்கள், பொட்டலம் கட்டமாட்டார்கள். அட்டையைக் கிழித்துப் சுவரில் அடித்த பூசைத் தட்டில் ஒட்டிவைப்பதுதான் வழக்கம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு முருகன் ஏறினார். கூடவே முதலாளியும் ஏறினார். முருகன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் வைத்தார்கள். ஒரே படம் என்பதால் ஒரே பூச்சரம் இரண்டு பேரையும் சுற்றியது.

பொட்டும் பூமாலையுமாக ஒரு மனிதர் படம் பூசைத் தட்டில் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதைத்தான் நினைத்தார்கள். “ஐயோ, துணிக்கடை முதலாளி போயிட்டாரா?” என்று அங்கே கேட்ட கேள்வி, அடுத்த தோட்டத்துக்குப் போவதற்குள் செய்தியாகிவிட்டது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, பசாருக்குச் சாமான் வாங்கப் போன பெண்கள் துக்கம் விசாரிக்கக் கடைக்குள் நுழைந்தார்கள். கல்லாவில் முதலாளியின் தம்பி. ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என்ன சத்தம் என்று உள்ளே இருந்து துணி மூட்டையோடு வெளியே வந்தார் முதலாளி. அழுதவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். அன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டது.

தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது. கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

“என்னை உயிரோட கொன்னுட்டீங்களே! வெள்ளிக்கிழமை நானே வர்றேன். நேர்ல பார்த்துட்டு இந்தப் பேப்பரை இழுத்து மூடறேன்.”

அந்த வெள்ளி வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்திரிகை போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? பிள்ளைகளின் கட்டுரை நோட்டும் நானும்தான். போதாததற்கு, அன்று வாசிக்க வேண்டிய தீபாவளி இதழில் அவர் கேட்டபடியே இரண்டு பக்கம் முழுக்க ஜவுளியை நிரப்பி, என் கதையைப் பாதியில் வெட்டியிருந்தேன்.

சொன்னபடி கார் வந்தது. முதலாளி நேராக அக்கா வீட்டுக்குள் போய்ப் பூசைத் தட்டின் முன்னால் நின்றார். நெற்றியில் குங்குமத்தோடு அவரே அவரைப் பார்த்தார்.

“ஏம்மா, எனக்கு ஏன் பொட்டு வெச்ச?”

அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “ரெண்டு பேரு ஒண்ணா இருக்கீங்க. ஒருத்தருக்கு வெச்சிட்டு ஒருத்தருக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும் முதலாளி?”

“நான் செத்துட்டேன்னு ஊரே பேசுது!”

“பேசட்டுமே. செத்ததா பேச்சு வந்தா ஆயுசு கெட்டிலா. பூசைக்கு நேரமாச்சு, வாங்க.”

கோபித்துக்கொண்டு போக வழியில்லாமல் முதலாளி கோயிலுக்கு வந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வாசிக்க ஆரம்பித்தார். துதி, நடுவில் புடவை, விரத நாட்கள், நடுவில் சட்டைத் துணி. தன் சட்டைத் துணிக்கு ஜனங்கள் அரோகரா போட்டதும் முதலாளி நாற்காலியில் நெளிந்தார். அப்புறம் கதை வந்தது.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள் ஒருத்தி. வெகுநாள் வேண்டுதல். வழியில் ஒரு பச்சைக் குழந்தை பசியில் வீறிட்டு அழுகிறது, தாயிடம் பால் இல்லை. இவள் குடத்தை இறக்கிப் பாலை எல்லாம் கொடுத்துவிடுகிறாள். சந்நிதிக்கு வந்து காலிக் குடத்தோடு தலையைக் குனிந்து நிற்கிறாள். ஊரே அவளைத் திட்டுகிறது. முருகன் குடத்தை எட்டிப் பார்த்தான்.

முதலாளி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தைத் திருப்பினார்.

“தீபாவளிக்கு வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள்...”

“நிறுத்து, நிறுத்து” என்று முதலாளி கத்தினார். “முருகன் எட்டிப் பார்த்துட்டு என்ன சொன்னான்?”

அக்கா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். “குடும்பத்தோட வந்து உங்க கடையில வேட்டி எடுக்கச் சொல்றான் முதலாளி.”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கதை வேண்டியிருந்தது.

“யாரு கதையை வெட்டினது?” என்றார் முதலாளி. அக்கா என்னைக் கைகாட்டினார். நான் எழுந்து, “உங்க ரெண்டு பக்கத்துக்கு எடம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றேன். பயத்தில் வார்த்தை சண்டைபோலத்தான் வந்தது.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். “சரி, மீதியைச் சொல்லுங்க.”

முடிவை நான் இன்னும் எழுதவே இல்லை. குடத்தில் தானாகப் பால் பொங்கும் என்று ஏதோ உத்தேசம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, முன்வரிசையில் ஒருத்தி கைப்பிள்ளையைத் தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். வாயில் வேறு வந்தது.

“முருகன் காலிக் குடத்தை எட்டிப் பார்த்தான். பார்த்துட்டு, ‘புள்ள தூங்கிடுச்சா?’ன்னு கேட்டான்.”

யாரும் அரோகரா போடவில்லை. அக்கா பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

முதலாளி எழுந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கார்வரைக்கும் நான் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பினார்.

“காகிதம் வழக்கம்போல வரும். என் கடையைக் கடைசியில ஒரு வரி போடுங்க, போதும்.” ஏறி உட்கார்ந்தவர் மறுபடியும் தலையை வெளியே நீட்டினார். அப்போதுதான் அவருக்கு நிஜமான கோபம் வந்திருந்தது. “இதையா டீச்சரம்மா, என் வேட்டிக்காக வெட்டினீங்க?”