மூன்று நாள் விழிப்பும் ஓர் எண்ணெய்க் குளியலும்

நான் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருந்து கல்லூரிக்குப் போகும் மாணவன். செமஸ்டர் முழுக்கப் புத்தகத்தைத் தொடாமல், தேர்வு நெருங்கியதும் டீயைக் குடித்துக் குடித்து ராப்பகலாகப் படிப்பதுதான் என் வழக்கம். போன செமஸ்டரில் கடைசித் தேர்வுக்காக மூன்று நாள் கண்ணே மூடவில்லை.

தேர்வு முடிந்த கையோடு, சாரல் விழுகிறதே என்று வகுப்புத் தோழன் இசக்கியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனேன். அவன் கல்லூரிக் கபடி அணியில் ஆடுபவன். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றோம். திரும்பும்போது எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி.

"ஏலே, உனக்குக் கண்ணு சொக்குது. சாவியக் குடு, நான் ஓட்டுதேன்" என்றான் இசக்கி.

"சும்மா ஏறுலே, இந்தா இருக்கு தென்காசி" என்றேன்.

பாதி வழியில் தூங்கிவிட்டேன். கண் திறந்தபோது பைக் ரோட்டோரப் புளியமரத்தில் மோதிக் கிடந்தது. எனக்கு வெறும் சிராய்ப்பு. இசக்கிக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. இனிக் கபடி ஆட முடியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னைப் பார்த்து, "நீ சாப்ட்டியாய்யா?" என்றுதான் கேட்டார்.

இப்போதெல்லாம் அன்றைய பாடத்தை அன்றே படித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறேன். அசதியாக இருந்தால் பைக்கைத் தொடுவதில்லை.

அந்தக் கடைசித் தேர்வில் நான்தான் முதல் மதிப்பெண். பேராசிரியர் அதை வாசித்ததும் வகுப்பே கை தட்டியது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இசக்கியும் தட்டினான்.