ஐறீன் கொண்டுவந்த காற்று

கொட்டாஞ்சேனை ஐறீனைத் தெரியாத முஸ்லிம் வீடு மாளிகாவத்தையில் குறைவு. கலியாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஆண் ஒருவன் கெமராவோடு நுழைய முடியாது. ஆனால் எந்தப் பெண்ணுக்குத்தான் தன் கலியாணத்தைப் படமாகப் பார்க்க ஆசை இராது? அதற்குத்தான் ஐறீன். படம் எடுத்து முடிந்ததும் கெமராவுக்குள் இருக்கிற கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் தாயின் கையில் கொடுத்துவிடுவாள். வெட்டி ஒட்டுகிற வேலையையும் அந்த வீட்டிலேயே இருந்து செய்து கொடுப்பாள். இருபது வருடத்தில் ஒரு படம் வெளியே போனதில்லை. அவள் சேர்த்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

உம்மு குல்தூம் வீட்டில் அவள் கதவு தட்டுவதே இல்லை. உம்மு குல்தூம் மாடி வீட்டில் இருந்துகொண்டு ஓடருக்குக் கருப்பட்டி போட்டு வட்டிலப்பம் செய்கிறவள். வயதுக்கு வந்த நாளிலிருந்து வெளி ஆண் ஒருவன் அவளுடைய தலைமுடியைக் கண்டதில்லை. ஐறீன் வந்தால் மட்டும் ஈரத்தலையை விரித்துப் போட்டபடி அடுப்படியில் நின்று ஊர்க்கதை எல்லாம் கதைப்பாள்.

மகள் நுஹாவுக்குக் கலியாணம் வந்தது. நுஹாவுக்கு ஓர் ஆசை. மாப்பிள்ளை மாலை போட வருகிற நேரம் பெண்கள் எல்லோரும் முக்காடு போடுவார்கள் அல்லவா, அந்த நிறங்களை மேலேயிருந்து எடுத்தால் பூந்தோட்டம் மாதிரி இருக்குமாம்.

"ட்ரோன் வெச்சு எடுங்க அன்ட்டி, ப்ளீஸ்."

ட்ரோன் பொருத்திக் கொடுக்கிற கிஷாந்தின் கடை வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. ஐறீன் பஸ் ஏறிப் போனாள். அவன் ஒரு குட்டிக் கெமராவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"அக்கா, இது அறுபது கிராம். மண்டபத்துக்குள்ள பறக்கவிட இதுதான் சரி. இதைத் தூக்கச் சின்ன ட்ரோனே காணும்."

"தம்பி, நெருப்புப்பெட்டி மாதிரி இருக்கே."

"நெருப்புப்பெட்டிதான். ஆனா நல்ல படம் எடுக்கும். லைட் மட்டும் கொஞ்சம் கூட வேணும்."

"அந்தா அந்தப் பெரிசு?"

"அது அரைக் கிலோவுக்கு மேல. தூக்கிறதுக்குப் பெரிய ட்ரோன் வேணும். பெரிய ட்ரோன் எண்டா கீழ அடிக்கிற காத்தும் பெரிசு. சொல்லிப்போட்டன் அக்கா, பிறகு என்னோட சண்டைக்கு வரக்கூடாது."

ஐறீனுக்கு அறிவில்லாமல் இல்லை. ஆனால் முந்தின மாதம் ஒரு வீட்டில், டுபாயிலிருந்து வந்த பெண் ஒருத்தி அவளுடைய கெமராவைப் பார்த்து, "இவ்வளவு சின்னதா? என்ட மகன் வெளையாட வெச்சீக்கிறது இத விட பெரிசு" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஐறீனின் நெஞ்சுக்குள் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு கிடந்தது. நெருப்புப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். பெரியதைக் காட்டினாள்.

நாலு விடியற்காலை வெள்ளவத்தைக் கடற்கரையில் பழகினாள். தண்டவாளத்தைக் கடந்து, மணலில் நின்று ஏற்றினாள், இறக்கினாள். இறக்கும்போதெல்லாம் மணல் கிளம்பி முகத்தில் அடித்தது.

"அக்கா, காத்தைப் பாருங்கோ," என்றான் கிஷாந்த்.

"கடற்கரையில காத்தடிக்காம பின்ன என்ன அடிக்கும்?"

அவன் கண்ணுக்குள் போன மணலைத் தேய்த்துக்கொண்டான்.

கலியாண நாள் வந்தது. வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: "மாப்பிள்ள வாராரு, எல்லாரும் தலையப் போடுங்க!" பச்சை, ஊதா, ரோசா என்று முக்காடுகள் ஏறின. மாப்பிள்ளை அகீல் வந்தான். பின்னால் அவன் தகப்பன், இரண்டு தம்பிமார், சிறிய தகப்பன். ஐறீன் ட்ரோனை மேலே எழுப்பினாள். திரையில் பார்த்தால் நுஹா சொன்ன பூந்தோட்டமேதான். இன்னும் கொஞ்சம் கிட்ட எடுப்போம் என்று கீழே இறக்கினாள்.

கடல் இல்லாத இடத்தில்தான் தெரிந்தது, அந்தக் காற்று யாருடைய காற்று என்று.

முதலில் மேசையிலிருந்த கடதாசிகள் பறந்தன. அடுத்ததாக முக்காடுகள். வழுக்குகிற பட்டுத் துணி எதற்கு நிற்கும்? பெண்கள் கத்திக்கொண்டு குனிந்தார்கள். இறக்கலாம் என்றால் கீழே எல்லாம் தலைகள். ஏற்றலாம் என்றால் கூரை. ஏற்ற ஏற்றக் காற்று இன்னும் வேகமாக அடித்தது. சம்பந்தியையும் மாப்பிள்ளையையும் வரவேற்க முன்வரிசையில் நின்ற உம்மு குல்தூமின் முக்காடு அகீலின் தகப்பனுடைய காலடியில் போய் விழுந்தது. அவள் மேசை விரிப்பை இழுத்துத் தலையில் போட்டாள். அதிலிருந்த கிளாஸ்கள் எல்லாம் விழுந்து உடைந்தன. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஓடி என்ன, கண்டது கண்டதுதானே.

ஒரு மூலையில் ஐறீன் எப்படியோ இறக்கி முடித்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"ஃபேன்," என்றாள் அவள். "மண்டபத்து ஃபேன் வேகத்த யாரோ கூட்டிட்டாங்க."

அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மண்டபத்து மனேஜர் ராசிக் நானாவை உம்மு குல்தூம் மேசை விரிப்புக்குள் இருந்தபடியே ஏசினாள். "நான் ஃபேனைத் தொடவே இல்ல" என்று அந்த மனுசன் ஐந்து தரம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஐறீன் வழக்கம்போலக் கார்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

"மருமகன விட்டாலும் நாலு ஆம்பளயள்ட கண்ணுல பட்ட பொறகு கார்ட் எனக்கு எதுக்கு?" என்றாள் உம்மு குல்தூம். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

மூன்று நாள் ஐறீன் எந்த வேலைக்கும் போகவில்லை. காற்றைவிட அந்தப் பொய்தான் அவளைப் படுத்தியது. நாலாம் நாள் கிஷாந்திடம் போய்க் குட்டிக் கெமராவைக் கேட்டு வாங்கினாள். அவன் அதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். 

மாளிகாவத்தைக்கு வந்து, முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினாள். உம்மு குல்தூம் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே முக்காடு போட்டிருந்தாள்.

ஐறீன் நேரே அடுப்படிக்குப் போய், கருப்பட்டி நிறுக்கிற தராசில் குட்டிக் கெமராவை வைத்தாள். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அதை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்தாள். முள் அரைக் கிலோவைத் தாண்டிப் போய் நின்றது.

"அக்கா, ஃபேன் இல்ல. இந்தப் பாரம்தான். இதத் தூக்கத்தான் அந்தக் காத்து. ட்ரோன் கடைத் தம்பி சொன்னிச்சு, நான் கேக்கல. சின்னதக் கொண்டு வந்தா ஆக்கள் சிரிப்பாங்கன்னு பெரிச எடுத்தேன்."

உம்மு குல்தூம் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ராசிக் நானாக்கு நான் ஏசினது?"

ஐறீன் பெரிய கெமராவைத் தராசிலிருந்து இறக்கினாள்.

"அந்த மனுசன் மூணு நாளா என்ட போனுக்கு எடுத்து சத்தியம் பண்றாரு. இப்ப நீ எடு. என்ட முன்னுக்கு. ஸ்பீக்கர்ல போடு."

ஐறீன் எடுத்தாள். ஒரு தரம் மெல்லச் சொன்னாள். "கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் ராசிக் நானா. இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது, அதுவும் கேட்டுக்கொள்ளட்டும்.  பிறகு, "சரி புள்ள. இதையே அண்டைக்குச் சொல்லீக்கலாமே," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

உம்மு குல்தூம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு துண்டு வட்டிலப்பமும் வைத்தாள். வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வீடு அல்ல அது. குட்டிக் கெமராவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது எவ்வளவு பாரமில்லாம ஈக்கி," என்றாள். ஊர்க்கதை ஒன்றும் வரவில்லை.

அடுப்பு வெக்கையில் அவள் நெற்றி வேர்த்துக் கொட்டியது. வீட்டில் ஆண் யாரும் இல்லை. ஐறீன் மட்டும்தான் இருந்தாள். தேத்தண்ணி ஆறும்வரை ஐறீன் கையில் கோப்பையோடு காத்திருந்தாள். உம்மு குல்தூம் முக்காட்டு நுனியால் வேர்வையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, அதைத் திரும்பவும் காதோடு இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.