மஞ்சள் தடவிய முத்திரை

காஞ்சிபுரத்தில் வீரபத்திரனை வழியில் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எப்பப்பா கெளம்பற?" என்பதுதான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். பாங்காக்கிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கே டீக்கடைக்காரர் கேட்டார். மகள் நீலாம்பாளின் கல்யாணப் பந்தலில், தாலி கட்டி முடித்த கையோடு வாலாஜாபாத் சம்பந்தி கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். இருபது வருஷத்தில் நாலு தடவை வந்து, நாலு தடவையும் திரும்பிப் போய்விட்ட மனிதனிடம் வேறு எதைத்தான் கேட்பது?

அவனும் சளைக்காமல் பதில் சொல்லுவான். "ஐப்பசிக்குள்ள போயிடணும்பா. இல்லாங்காட்டி முத்திரை செத்துடும்."

முத்திரை சாகும் என்றால் கேட்கிறவருக்குப் புரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நீங்களும் அப்படித் தலையாட்ட வேண்டாம், சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் வெளிதேசத்து ஆள் ஒருவன் குடியிருக்க வேண்டுமானால் அவன் கையில் குடியிருப்புப் புத்தகம் இருக்க வேண்டும். உலகச் சண்டை முடிந்த புதிதில் வீரபத்திரன் அங்கே போய் ஒரு துணிக்கடையில் சேர்ந்தபோது, கொஞ்சம் அலைந்தால் அது கிடைத்தது. அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். இன்றைக்கு ஒருவன் போய்த் தலைகீழாக நின்றாலும் லேசில் கிடைக்காது. அது போக, போலீசில் பதிந்துகொள்ள இன்னொரு சிவப்புப் புத்தகம். அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். ஊருக்கு வருவதானால், திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்துக் குடியிருப்புப் புத்தகத்தில் ஒரு முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரைக்கு ஆயுசு ஒரு வருஷம். ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் முத்திரையும் செத்தது, புத்தகமும் செத்தது. இருபது வருஷம் இருந்தவன் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதற்காக வீரபத்திரன் உட்கார்ந்த பெஞ்சுகள் கொஞ்சமா? விடியற்காலையில் போய் உட்காருவான். பேர் கூப்பிடுவார்கள், அவன் பேரை அவர்கள் கூப்பிடும்போது அது அவன் பேராகவே இருக்காது. ஆனாலும் எழுந்து ஓடுவான். போட்டோவில் காது தெரியவில்லை, வேறு எடுத்து வா என்பார்கள். முதலாளியின் கையெழுத்து போன தடவை மாதிரி இல்லை என்பார்கள். சாப்பாட்டு நேரம், அப்புறம் வா என்பார்கள். அவன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கோபப்படுவதற்குத் தெம்பு வேண்டாமா? அவன் அந்த ஊரில் துணி அளந்தான், மூட்டை கட்டினான், வீட்டுக்குப் பணம் அனுப்பினான், எல்லாம் உண்மைதான். ஆனால் அவனுடைய முழுநேர வேலை அந்தப் புத்தகத்தைக் காப்பாற்றுவதுதான்.

இந்தத் தடவை வந்தவன் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினான். மனைவி மணியம்மாள் ஒருநாள் கேட்டாள். "இன்னாயா அது, அதையே கட்டிக்கினு கெடக்கற?"

"பொட்டி இல்லாமக்கூட போலாம்மே. இது இல்லாம போவ முடியாது."

அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டாள். மணியம்மாள் தறிக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி சொல்ல வேண்டாம். அதுதான் வினையாகப் போயிற்று.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துணி என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும் மூலையில் மஞ்சள் தடவாமல் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். வீரபத்திரன் புறப்படும் ஒவ்வொரு தடவையும் மணியம்மாள் அவன் தகரப் பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துத்தான் அனுப்புவாள். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவன் வாலாஜாபாத்துக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தான். அவள் யோசித்தாள். பெட்டியைவிட இதுதான் முக்கியம் என்று அவனே சொன்னானே, அப்படியானால் மஞ்சளை எதற்கு வைக்க வேண்டும், பெட்டிக்கா, இதற்கா? புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். கங்கையம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனாள். புருஷன் கடல் தாண்டிப் போகிறான் என்று சொன்னதும் பூசாரி நன்றாகவே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பொறுப்பாக வெயிலில் காயவைத்தாள்.

சாயங்காலம் வீரபத்திரன் புத்தகத்தைப் பிரித்தான். முத்திரையும் தேதியும் இருந்த இடத்தில் ஊதா மையும் மஞ்சளும் கலந்து, முற்றிய கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கறை இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாமே பண்ணி வெச்சிருக்கற?"

"இன்னா பண்ணிட்டேன்? மஞ்சள் தடவி அம்மன் கால்ல வெச்சி எடுத்தாந்தேன். எப்பவும் பொட்டிக்கு வெக்கறதுதானே?"

"பொட்டிக்கு வெச்சா சரி. இதுக்கு யாரு வெக்கச் சொன்னது?"

"நீதான்யா சொன்ன. பொட்டி இல்லாட்டிகூட போலாம், இது இல்லாம முடியாதுன்னு. அப்ப இதுக்குத்தானே வெக்கணும்?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே அவனுக்கு அழுகை வந்தது.

அன்றைக்குப் பிடித்தது அலைச்சல். சென்னையில் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மஞ்சக்காமாலை வந்தாப்பல இருக்குதேப்பா புக்கு. தேதி எங்க? இதை வெச்சிக்கினு பினாங்குகூடத் தாண்ட மாட்டே. கல்கத்தாவுல அவங்க ஆபீஸ் இருக்குது, எழுதிப் போடு" என்றார். ராஜவீதியில் ஒரு வக்கீலைப் பிடித்து இங்கிலீஷில் எழுதிப் போட்டான். பதில் வர ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி போனது. வக்கீல் படித்துச் சொன்னார். இன்னார்தான் இவர், இன்ன ஊரில் குடியிருப்பவர்தான் என்று உள்ளூர் அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கிப் புத்தகத்தோடு அனுப்பினால் புது முத்திரை போட்டுத் தருவார்களாம். பழைய முத்திரையின் கெடு முடிவதற்குள் எல்லாம் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டுமாம்.

வீரபத்திரனுக்கு உயிர் வந்தது. அதிகாரிதானே, சான்றிதழ்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தாலுகா ஆபீசுக்குப் போனான். அங்கிருந்த கிளார்க் வயசில் சின்னவர், மரியாதையானவர்.

"ரேஷன் கார்டுல உங்க பேர் இருக்குதுங்களா?"

"இல்ல சார். நான் வெளிநாட்ல இருந்ததால அதுல ஏத்தல."

"ஓட்டர் லிஸ்ட்ல?"

"இல்ல சார்."

"அப்ப எதை வெச்சி நீங்க இந்த ஊர்ல குடியிருக்கீங்கன்னு எழுதறது?"

"பொறந்தது திருமுக்கூடல் சார். வீடு இங்க பிள்ளையார்பாளையத்துல. பொண்டாட்டி இருக்கறா."

"அவங்க இருக்கறது சரிங்க. நீங்க இருக்கீங்களா?"

கிளார்க் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் அவனை ரொம்ப உறுத்தியது. இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவன், ஐப்பசி ஞாபகம் வந்து பேசாமல் நின்றான். கிளார்க்கே இரக்கப்பட்டு வழி சொன்னார். ரேஷன் கார்டில் பேரை ஏற்றிக்கொண்டு வந்தால் சான்றிதழ் தரலாம். கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கார்டு மணியம்மாள் பேரில் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பேர்தான். வேறு யார் பேர் இருக்கும்?

அந்த ஊருக்குத் திரும்பிப் போவதற்கு இந்த ஊரில் குடியிருப்பதாக எழுதி வாங்க வேண்டும். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது? ஆனால் வீரபத்திரன் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் கடை முதலாளி வேறு ஆளை வைத்துக்கொள்வார். மகளுக்குத் தலை தீபாவளி வருகிறது. இந்த வயசில் காஞ்சிபுரத்தில் அவனுக்கு என்ன தெரியும்? தறியில் உட்காரத் தெரியாது. ஏர் பிடித்த கை மறந்துவிட்டது. போய்த்தான் ஆக வேண்டும்.

மறுநாள் இருவரும் ரேஷன் கார்டு ஆபீசுக்கு நடந்தார்கள். சாயத் தண்ணீர் அரக்குச் சிவப்பாக ஓடிய வாய்க்காலை ஒட்டி மணியம்மாள் முன்னால் நடந்தாள். இந்தத் தெருக்களில் எது எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். போகிற வழியில் அவளிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று வீரபத்திரன் நினைத்தான். கேட்டால், என் புருஷன் இனிமேல் இங்கேதான் இருப்பார் என்று சொல்லு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் பொய்யாகச் சொல்லு என்று அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவளிடம் சொல்லாத வார்த்தை அது. வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி வேறு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று விட்டுவிட்டான்.

ஆபீசில் மேஜைக்குப் பின்னாலிருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்தார். "பேர் சேக்கணுமா? யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரரு சார்."

"நிரந்தரமா இருக்கப் போறவரா, வந்து போறவரா?"

மணியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை நாளாக இந்த மனிதன் சோறு தண்ணி இல்லாமல் அலைவதெல்லாம் போவதற்குத்தானே, நாம் குழறிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்.

"வந்து போறவருதான் சார். பொண்ணு கல்யாணத்துக்கு வந்தாரு. ஐப்பசிக்குள்ள போயிடுவாரு."

"விருந்தாளி," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

"சார், சார். நிரந்தரம்னு போடுங்க சார்," என்றான் வீரபத்திரன்.

"நீங்க சொல்லி நான் போட முடியாதுங்க. கார்டு அந்தம்மா பேர்ல இருக்குது. அவங்களே சொல்லிட்டாங்க. மாத்தணும்னா எங்காளு வீட்டுக்கு வந்து விசாரிக்கணும். தீபாவளி கழிச்சி வருவாங்க."

"அதுக்குள்ள எனக்குக் கெடு முடிஞ்சிடும் சார். விருந்தாளின்னு இருந்தா தாலுகா ஆபீசுல சான்றிதழ் தர மாட்டாங்க."

"தர மாட்டாங்கதான்," என்றார் அவர், கார்டைத் திருப்பிக் கொடுத்தபடி.

பாங்காக்கில் இந்தியாக்காரர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கும் அதே சொல்தான். இருபது வருஷம் அதைக் காதில் வாங்கியவன் அவன். ஆனால் சொந்தப் பெண்டாட்டி சொன்னதை வைத்து அதே சொல்லை எழுதியதை அவனால் தாங்க முடியவில்லை. வீடு வரைக்கும் அவளை விட்டுப் பத்தடி தள்ளியே நடந்தான். என்ன நடந்தது என்று மணியம்மாளுக்கு வழியிலேயே புரிந்துவிட்டது. மறுநாள் அவளே தனியாகப் போய் அந்த மேஜைக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தாள். தாலுகா ஆபீஸ் கிளார்க்கிடமும் கெஞ்சினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஐப்பசியில் கெடு முடிகிற நாள் மற்ற நாள் மாதிரியே வந்தது. காலையில் தூறல் போட்டது. டீக்கடைக்காரர் வழக்கம்போல, "எப்பப்பா கெளம்பற?" என்றார். வீரபத்திரன் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். பகலெல்லாம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். எங்கே உட்கார்ந்தாலும் மணியம்மாள் ஏதாவது எடுப்பதற்கு அந்த இடத்துக்கே வந்தாள், அவன் நகர்ந்துகொண்டான். அந்த வீட்டில் எல்லாம் ஒரு தாய்க்கும் ஒரு மகளுக்கும் மட்டும் அளவெடுத்த மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம் அவள் ராட்டையின் முன் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான்.

"இன்னியோட முடிஞ்சிது."

ராட்டை நின்றது. "கோவமாயா?"

"இல்ல. களைப்பா இருக்குது."

"நான் வேணும்னே சொல்லலய்யா. நீ போறதுக்குத்தானே அலையற, போறாருன்னே சொல்லிட்டா வேலை சீக்கிரம் முடியும்னு நெனச்சேன்."

"தெரியும். நான் ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்."

மணியம்மாள் அழ ஆரம்பித்தாள். கடல் தாண்டிப் போகிறவன் முன்னால் கண்ணீர் விடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் அவள். அவள் அழுது வீரபத்திரன் பார்த்ததே இல்லை. எழுந்து பக்கத்தில் போவதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் தவித்தான். கடைசியில் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஒன்ன அனுப்பி வெக்கத்தான்யா எனக்குத் தெரியும். வெச்சிக்கத் தெரியல."

"எனக்கும் இருக்கத் தெரியாதுமே," என்றான் வீரபத்திரன்.