சோப்பு கரைந்த ஆயுத பூஜை

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், போட்டது போட்டபடி வாசலுக்கு வந்துவிடுவேன். இரும்புலியூரில் எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்பேன். லாரி. இன்னொரு லாரி. பஸ். ஸ்கூட்டர். எங்கள் வண்டி இல்லை. உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூடத் தெரியாது. இது 1989-இல், ஆவணியும் புரட்டாசியுமாக இரண்டு மாதம் நடந்த கதை. நம் காலனிப் பிள்ளையாரைக் கும்பிடுகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது என் சோம்பேறித்தனம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. எனக்கு எதிர்த் திசையில், கூடுவாஞ்சேரியில் டீச்சர் வேலை. மின்சார ரயிலில் போய்விட்டு ஐந்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். எங்கள் ஒரே பெண் வித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. குரோம்பேட்டையில் என் நாத்தனார் வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். காலையில் அப்பா கொண்டுபோய் விடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டில் இருப்பாள். சாயங்காலம் அப்பா கூட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் நசுங்கி வருவதைப் பார்க்கப் பொறுக்காமல், "ஒரு வண்டி புக் பண்ணுங்களேன்" என்று நச்சரித்தவள் நான்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினாலு மாதம் காத்திருந்து வண்டி வந்தது. அந்தக் காலத்தில் புதிதாக வந்திருந்த நூறு சி.சி. வண்டி, தக்காளிச் சிவப்பு. கம்பெனி பெயர் வேண்டாம். மனுஷன் குளிக்கிறாரோ இல்லையோ, வண்டி தினமும் குளிக்கும். வித்யாவுக்கு இடம் டேங்க் மேல். இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி மகாராணி மாதிரி போவாள்.

வாசனை பத்து நாளிலேயே வந்துவிட்டது. வித்யாவின் யூனிஃபார்ம் பாவாடையைத் துவைக்க எடுத்தால் ஓரமெல்லாம் பெட்ரோல் நாற்றம். முதலில், பங்கில் பெட்ரோல் போடும்போது சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அதே நாற்றம். அதற்கு அடுத்த நாள் அவள் இடது கெண்டைக்காலில் தீய்ந்த மாதிரி சிவப்பாக ஒரு திட்டு. டாக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, மண்ணெண்ணெய் ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய் இருக்கிறதே, அது டேங்கோடு சேருகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கீழே எஞ்சின் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. சுடச்சுட இருக்கிற எஞ்சின்.

அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. அவர் வண்டியைக் குறை சொன்னால் அவரைப் பெற்றவளைக் குறை சொன்ன மாதிரி.

"புது வண்டிம்மா. செட் ஆகணும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே."

பிடிவாதம் பிடித்து ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் வண்டி எடுத்த கடைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் வண்டியை வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. "பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாசனை வராம மல்லிகைப்பூ வாசனையா வரும்? வேற யாரும் கம்ப்ளெயின்ட் சொல்லலையே மேடம். நீங்க மட்டும்தான் சொல்றீங்க" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டது.

அப்புறம் எங்கள் தெரு முனை மெக்கானிக் சேகரிடம் போனார். சேகர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சார் பண்றது, புது வண்டி. நான் கை வெச்சா வாரன்டி பூடும். இப்போதிக்கி துணி சோப்பைக் கொழைச்சு அப்பி வுடு சார், நின்னுடும். ஊரே அப்டித்தான் ஓட்டிகினு கீது."

சோப்புக்குப் பெட்ரோலில் கரையாத குணம் உண்டாம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் என் துணி சோப்பில் பாதி அந்தக் குழாய்க்குப் போனது. கசிவு நிற்கும். மழை பெய்தால் சோப்பு கரையும், மறுபடி சொட்டும். மறுபடி சோப்பு. வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் எனக்கு வகுப்பில் பாடம் ஓடாது. கரும்பலகையில் எழுதின கணக்கை நானே தப்பாகப் போட்டு, பிள்ளைகள் திருத்தினார்கள்.

அவர் இதற்கெல்லாம் கண் திருஷ்டிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார். "தெருவுல யாருகிட்டயும் இப்படி வண்டி இல்லை, கண்ணு பட்டுடுச்சு." எலுமிச்சம்பழம், மிளகாய், படிகாரம் எல்லாம் முன்னால் தொங்கின. சிரிக்காதீர்கள், நானும் ஒரு வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்து அந்த வண்டிக்குச் சுற்றிப் போட்டவள்தான். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று அவர் உத்தரவு. "ஆசைப்பட்டு வாங்கி ஏமாந்தான்னு ஊர் சிரிக்கணுமா?" நானும் வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸிலேயே குழந்தையை அனுப்பலாம் என்று ஒரு தடவை சொன்னேன். "ஃபுட்போர்டுல தொங்கறது மட்டும் ஆபத்தில்லையா?" என்று கேட்டார்.

போக்கிடம் இல்லாமல் பிள்ளையாரிடம் போய் விழுந்தேன். ஒரு மண்டலம், தினமும் பதினோரு சுற்று சுற்றுகிறேன், அந்தக் கசிவை மட்டும் நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன். சுற்றும்போது மனசு கோயிலில் இருந்ததே இல்லை. காது ரோட்டில் இருக்கும். இது ஏழாவது சுற்றா எட்டாவதா என்று குழம்பிப்போய், சந்தேகத்துக்கு இன்னொன்று சுற்றுவேன். சில நாள் பதினைந்துகூட ஆகியிருக்கும். கோயிலுக்குள் போகக் கூடாத நாட்களில் தெருவில் நின்று மனசுக்குள்ளேயே சுற்றினேன். "அப்பனே, உனக்குக் காது பெரிசு. என்னைக் கொஞ்சம் கேளேன்" என்று சண்டைகூடப் போட்டேன். கசிவு நிற்கவில்லை. முப்பது நாள் ஆனது, முப்பத்தைந்து ஆனது. சாமியும் கைவிட்டுவிட்டது என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

நாற்பதாவது நாள் ஆயுத பூஜை.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். காலனியில் இருக்கிற வண்டி எல்லாம் கோயில் முன்னால் வரிசையாக நிற்கும். குருக்கள் சாமிக்குக் காட்டின பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் கற்பூரம் காட்டிக்கொண்டு வருவார். காலை ஐந்து மணிக்கே எழுந்து என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். பழைய பல் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தார். பூஜைக்கு நிற்கிற வண்டியில் அழுக்குச் சோப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அசிங்கம் என்று அதையும் சுரண்டி, நாலு வாளித் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, அதே இடத்தில் அழகாகச் சந்தனம் குங்குமம் வைத்தார். காலி டேங்கோடு பூஜை போடக் கூடாது என்று பங்குக்குப் போய் வழிய வழியப் பெட்ரோலும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் உள்ளே பொரி, கடலை, பழம் என்று தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

வரிசையில் எங்கள் வண்டி நாலாவது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் அப்பாவும் பெண்ணுமாகப் பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரு ரவுண்டு போவதாகப் பேச்சு. அதனால் வித்யா பட்டுப் பாவாடையோடு ஏற்கெனவே டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

குருக்கள் மூன்று வண்டிகளை முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். இரண்டு அடி தள்ளி நிற்கும்போதே கற்பூரம் அணைந்துவிட்டது. "காத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பற்ற வைத்தார். ஒரு அடி எடுத்து வைத்தார், மறுபடியும் அணைந்தது. முந்தின மூன்று வண்டிக்கும் அடிக்காத காற்று. கூட்டத்தில் யாரோ, "சகுனம் சரியில்லையே" என்று முணுமுணுத்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது. சாமியே எங்கள் வண்டியை வேண்டாம் என்கிறதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்ததால்தான் பார்த்தேன். வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. ஓரங்களில் அது உலர்ந்துகொண்டே, நடுவில் புதிதாக நனைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் அப்படி உலராது. சந்தனம் கரைந்து மஞ்சளாக எஞ்சின் மேல் வழிந்திருந்தது. குருக்கள் மூன்றாவது வில்லையைப் பற்ற வைத்துத் தட்டை நீட்டிவிட்டார்.

"ஐயோ! சாமி, நிறுத்துங்க! கிட்ட வராதீங்க!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று இன்றைக்கும் சந்தேகம். நான்கு பேர் நடுவில் உரக்கப் பேசிப் பழக்கமில்லாதவள். பாய்ந்து போய்ப் பெண்ணை இழுத்துத் தூக்கினேன். அவள் வலியில் வீல் என்று கத்தினாள். குருக்கள் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் கேள்வி கேட்காமல் தட்டோடு திரும்பி விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்விட்டார். அவருக்கு நான் எந்த ஜென்மத்திலும் கடன்பட்டவள்.

"உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் குனிந்து குழாய்க்கு அடியில் கை வைத்தார். கை நிறையப் பெட்ரோல். வித்யாவைப் பார்த்தார். அவள் பட்டுப் பாவாடையின் ஓரத்தை முகர்ந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் எதிரில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அதற்குள் இரண்டு வண்டி தள்ளி நின்ற ராமச்சந்திரன் சார், அவரும் அதே வண்டிதான் வைத்திருந்தார், தன் வண்டிக்குக் கீழே விரலை விட்டு எடுத்து எங்களிடம் காட்டினார். விரலில் ஈரமும் கொஞ்சம் சோப்பும்.

"உங்களுக்குமா? எனக்குத்தான் ராசி இல்லைன்னு வெளியில சொல்லாம வெச்சிருந்தேன் சார்" என்றார்.

பின்னால் இருந்து இன்னொருவர், "ஊரப்பாக்கத்துல என் மச்சானோடதும் இதே கதைதான்" என்றார். அவ்வளவுதான். "வேற யாரும் சொல்லலையே" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொருத்தரும் வீட்டுக்குள் சோப்பைக் குழைத்துக்கொண்டு, திருஷ்டி சுற்றிக்கொண்டு, கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் சொல்வார்கள்?

அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். மறுவாரம் இந்தக் காலனி, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஏழு வண்டிக்காரர்கள் எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். ஒருத்தருக்குப் பிரேக் கேபிள் அறுந்திருந்தது, ஒருத்தருக்குப் பக்க ஸ்டாண்டு ஓடும்போதே கீழே இறங்கியிருந்தது. கசிவு மட்டும் ஏழு பேருக்கும் பொது. கடிதத்தை நான் எழுதினேன். டீச்சர் கையெழுத்து இதற்காவது உதவட்டுமே! ஏழு பேரும் கையெழுத்துப் போட்டுக் கடையில் நேரில் கொடுத்தோம், கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இந்தத் தடவை கவுண்டரில் யாரும் சிரிக்கவில்லை. தீபாவளி கழித்துக் கம்பெனி ஆள் ஒருவர் பெட்டியோடு வந்து ஏழு வண்டிக்கும் குழாயை மாற்றிக் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போகட்டும். அதுவரைக்கும் வித்யா பஸ்ஸில்தான் போனாள், அப்பாவே கூட்டிக்கொண்டு போனார்.

மண்டலத்தில் பாக்கி இருந்த எட்டு நாளையும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சுற்றினோம். அவர் அதற்குப் பிறகு என்னை "பயந்தாங்கொள்ளி" என்று சொன்னதில்லை. எதை வாங்கினாலும் "நீ ஒரு தடவை பாரு" என்று என்னிடம் கொடுக்கிறார்.

அன்றைக்குக் கற்பூரத்தை அணைத்தது வெறும் காற்று என்று சிலர் சொல்கிறார்கள். காற்றுதான். நாற்பது நாள் கால் தேயச் சுற்றிக் கேட்டு வாங்கின காற்று. கசிவை நிறுத்து என்று கேட்டேன், எங்கே கசிகிறது என்று ஊருக்கே காட்டிவிட்டு, என் தொண்டையையும் திறந்துவிட்டான். இதற்கு மேல் ஒரு தெய்வம் என்ன செய்யும்? வித்யா இப்போது எட்டாவது படிக்கிறாள். சைக்கிளில் போகிறாள். அவள் வருகிற வரைக்கும் கேட்டில் நிற்பது எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தால், நம் பிள்ளையாரிடம் வந்து சொல்லுங்கள். நிச்சயம் கேட்பார். ஆனால் அவரிடம் சொன்ன கையோடு வீட்டிலும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள், விற்றவனிடமும் போய்ச் சொல்லுங்கள். சாமியிடம் சொல்லியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். அந்த நாற்பது நாளும் என் பெண் அந்த டேங்க் மேல்தான் உட்கார்ந்து போனாள்.